சிவப்பு ஃப்ளாப்பியில் சந்தனம்

6 ஜூலை 1992, திங்கள்

காலை ஏழரைக்கே வெயில். புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தாம்பரத்தில் ரயில் பத்து நிமிடம் லேட். குரோம்பேட்டையில் இறங்கி கம்பெனி வரை ஓட்டமும் நடையும்.

செய்ய வேண்டியவை: பிரிண்டர் ரிப்பன். அகலக் காகிதம் இரண்டு கட்டு, ஸ்டோரில் கேட்க. அவருடைய மூக்குக்கண்ணாடிக்கு ஸ்க்ரூ. துவரம்பருப்பு.

இந்த வார பஸ் லிஸ்ட்டை வாசல் போர்டில் ஒட்டினேன். ஆஸ்பத்திரிக் கையுறை செய்யும் கம்பெனிக்கு மூன்று ஷிப்ட், மூன்று பஸ், நூற்றுச் சொச்சம் பேர். யார் எந்த ஸ்டாப்பில் எத்தனை மணிக்கு ஏற வேண்டும் என்பதெல்லாம் ஒரே தாளில். அந்தத் தாளை வாரா வாரம் கம்ப்யூட்டரில் எடுத்துத் தருவதுதான் என் வேலை. நாலு வருடமாக ஒரு கோடு மாறவில்லை, மேலிருந்து கீழே ஓடும் ஒரு காலம் நகரவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்.

கர்வத்துக்கு ஆப்பு வைக்க சம்பத் சார் வந்தார். ஹெட் ஆபீசிலிருந்து மாற்றலாகி மூன்று வாரம்தான் ஆகிறது. என்னைவிடப் பத்து வயது சின்னவர். வாயைத் திறந்தால் ‘ஸ்டாண்டர்டைஸ்’.

“மேடம், கீழ பேனாவால எழுதியிருக்கே, இது என்ன?”

“பொழிச்சலூர்க்காரங்க சார். ஒம்பது பேர். ஷீட்ல இடமில்ல. கையால எழுதறேன்.”

“எத்தனை நாளா?”

“மூணு வருஷமா.”

“ஒரு வரி சேர்க்க வேண்டியதுதானே?”

“பூட்டியிருக்கு சார்.”

நம்பவில்லை. உட்கார வைத்துக் காட்டினேன். பெயர் எழுதும் கட்டங்களில் மட்டும் எழுத விடும். தலைப்பு, ரூட், நேரம், கூட்டல் எதைத் தொட்டாலும் ‘பீப்’. அவரும் பத்துத் தடவை தொட்டுப் பார்த்தார். பத்து பீப்.

“யார் பூட்டினது?”

தாளின் அடியைக் காட்டினேன். ‘தயாரித்தவர்: ரெ.’ என்று ஒவ்வொரு வாரமும் அச்சாகும். அதுவும் பூட்டிய கட்டம்தான்.

“யாரு இந்த ரெ.?”

“ரெஜினா. இங்க இருந்தாங்க. வேலையை விட்டுப் போய் மூணரை வருஷம் ஆச்சு.”

“போனவங்க பேரு இன்னும் பிரிண்ட் ஆகுதா? நல்லா இருக்கு மேடம் உங்க ஆபீஸ்.”

உத்தரவு: அடுத்த வாரம் முதல் நாலாவது பஸ், பொழிச்சலூர்–பம்மல் வழி. அது ஷீட்டுக்குள் வர வேண்டும். ரெ. வெளியே போக வேண்டும்.

துவரம்பருப்பு மறந்துவிட்டேன்.


7 ஜூலை, செவ்வாய்

சாயங்காலம் இருட்டிக்கொண்டு வந்தது, நாலு தூறல், ஏமாற்றிவிட்டுப் போய்விட்டது. புழுக்கம் இரண்டு மடங்கு.

ரெஜினா என்று எழுதி எத்தனை நாளாயிற்று. நேற்று எழுதிவிட்டு வெகு நேரம் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கம்ப்யூட்டர் வந்தது எண்பத்தெட்டு கோடையில். ஸ்டோர் ரூமைக் காலி பண்ணி, சுண்ணாம்பு அடித்து, ஏசி வைத்து, ‘செருப்பை வெளியே விடவும்’ என்று பலகை. அந்த அறைக்குள் கோயிலுக்குள் போவது மாதிரிதான் போவோம். எம்.டி. கூட ஒரு நாள் சாக்ஸோடு வந்தார், கட்டைவிரல் ஓட்டை தெரிய.

யாரை அனுப்புவது என்று பேச்சு வந்தபோது ஆண்கள் எல்லோரும் ஜன்னல் பக்கம் பார்த்தார்கள். கெடுத்துவிட்டால் யார் பதில் சொல்வது? கடைசியில் டைப்பிஸ்ட் நான், டைம் ஆபீஸ் கிளார்க் ரெஜினா. தாம்பரம் கிழக்கில் ஒரு மாடியில் மூன்று வார வகுப்பு. இரண்டு பேருக்கு ஒரு மெஷின், ஒரு நாற்காலி. பாதிப் பாதி உட்கார்ந்தோம். அவள் ஒல்லி, நான் அப்படி இல்லை. “வசந்தா, நீ மூச்சு விட்டா நான் கீழ விழறேன்” என்பாள்.

கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. ஒரு எண்ணை மாற்றினால் கீழே மொத்தம் தானாக மாறும். முதல் தடவை பார்த்தபோது இருவரும் கையைப் பிடித்துக்கொண்டோம். முப்பத்தாறு வயதுப் பெண்பிள்ளைகள், வெட்கமில்லாமல். வகுப்பு முடிந்ததும் ஸ்டேஷன் வாசலில் சூடாக வேர்க்கடலை. அவள் தோலை ஊதி ஊதித் தின்பாள், நான் தோலோடு.

பதினைந்து நாளில் பஸ் லிஸ்ட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தாள். அதற்கு முன்னால் மூன்று சூப்பர்வைசரும் மூன்று விதமாக எழுதுவார்கள். ஒருவர் தாளில் ‘ஐந்தரை’, இன்னொருவர் தாளில் ‘5-30’, மூன்றாமவர் தாளில் ‘வழக்கம் போல்’.

ரெஜினாவின் சட்டங்கள். பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டியது, இன்னும் இருக்கிறது:

சிவப்பு ஸ்டிக்கர் ஃப்ளாப்பி மூலம். அதில் யாரும் எழுதக்கூடாது.

நீல ஸ்டிக்கர் நகல். வாரா வாரம் சிவப்பிலிருந்து நீலத்துக்கு எடுத்து, நீலத்தில் மட்டும் எழுத வேண்டும்.

ஃபைலின் பெயர் வாரத்தின் முதல் தேதி. ‘புதுசு’, ‘புதுசு-2’, ‘கடைசி’, ‘கடைசியோ கடைசி’ என்றெல்லாம் வைத்தால் கொலை.

பெயர் இடது ஓரம், நேரம் வலது ஓரம்.

நீளமான பெயரைச் சுருக்கினால் எல்லா வாரமும் ஒரே மாதிரி சுருக்க வேண்டும். (இது பொன்னம்மாளால் வந்தது. ஒரு வாரம் முழுப்பெயர், மறு வாரம் பி.அம்மாள் என்று அடித்துவிட்டேன். தன்னை வேலையைவிட்டு எடுத்துவிட்டதாக நினைத்து போர்டு முன்னாலேயே அழுதுவிட்டாள்.)

சிவப்பு ஃப்ளாப்பிக்கு இன்னொரு காவலும் உண்டு. ஃப்ளாப்பியின் ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். அதை மூடி வெள்ளிக் காகித ஸ்டிக்கர் ஒன்று ஒட்டிவிட்டால் அதில் எழுதவே முடியாது, படிக்க மட்டும்தான். சுண்டுவிரல் நகம் அளவு இருக்கும் ஸ்டிக்கர். ஒட்டிவிட்டு ரெ. சொன்னாள், “இனிமே உன் கையே தவறினாலும் ஒண்ணும் ஆவாது.”

இன்று இதற்கு மேல் எழுத மனமில்லை.


8 ஜூலை, புதன்

அனல். ஏசி பாதி வேலை செய்கிறது. கீழே பக்கெட் வைத்திருக்கிறேன், சொட்டுகிறது.

பாஸ்வேர்ட் கேட்கும் இடத்தையாவது கண்டுபிடிக்கலாம் என்று மத்தியானம் முயன்றேன். கேட்கவே இல்லை. வெறும் பீப். மெனு திறந்தால் ஒன்றுக்குள் ஒன்று, அதற்குள் ஒன்று. எதையாவது தொட்டு எதுவாவது ஆகிவிட்டால்? வெளியே வந்துவிட்டேன். நான் ஒரு தடவை தொட்டு ஆனதே போதும்.

பூட்டும் பாடம் வகுப்பில் நடந்த அன்று நான் போகவில்லை. தங்கை குழந்தைக்குத் திருநீர்மலையில் காது குத்து. மலை ஏறி இறங்கி, மொட்டைத்தலைக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, “ஒரு நாள்தானே, ரெ. சொல்லிக் கொடுப்பாள்” என்று இருந்துவிட்டேன். அவளும் நோட்டில் எடுத்துத்தான் வைத்திருந்தாள். நான்தான் இன்று நாளை என்று கேட்காமல் விட்டேன். பிறகு கேட்கிற நிலைமை இல்லை.

சம்பத் சார் கம்ப்யூட்டர் எஞ்சினியருக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் கேட்டேன். “பழசை நோண்டறதைவிட எல்லாத்தையும் அழிச்சிட்டு புதுசா ஒரு ஃபார்மட் போட்டுத் தரேன் சார். நீட்டா இருக்கும். திங்கக்கிழமை மத்தியானம் வரேன்.”

அழித்துவிட்டு.

“சார், எனக்குத் திங்கள் காலை வரைக்கும் டைம் குடுங்க. ரெஜினாவையே கேட்டுப் பாக்கறேன்.”

வாய் சொல்லிவிட்டது. நான் சொல்ல நினைக்கவில்லை.

“தாராளமா. ஆனா பன்னண்டு மணிக்குள்ள.”

அந்த ஷீட்டில் அவள் கை இருக்கிறது. காலம் அகலம், கோடு, மேலே விட்ட இரண்டு வெற்று வரி, எல்லாம் அவள் அளந்தது. வாரா வாரம் அதற்குள் உட்கார்ந்து பெயர் நிரப்பிக்கொண்டிருந்ததில் அவள் போகாதது மாதிரி ஒரு நினைப்பு எனக்கு. ஒரு எஞ்சினியர் வந்து அதை நீட்டாக அழித்துவிடுவார். தடுக்க வேண்டுமானால் நான் அவள் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். நின்றால் பூட்டைப் பற்றி மட்டும் பேசிவிட்டுத் திரும்ப முடியாது.


9 ஜூலை, வியாழன்

மோர்க்குழம்பு திரிந்துவிட்டது. அவர் அதையே ஊற்றிச் சாப்பிட்டார். “உடம்பு சரியில்லையா?” என்று மட்டும் கேட்டார்.

டிரைவர் தேவராஜ் அண்ணன் லிஸ்ட் வாங்க வந்தார். முதல் ஷிப்ட் பஸ் ஆரம்பத்திலிருந்தே அவர்தான் ஓட்டுகிறார்.

“இன்னாக்கா, பொழிச்சலூருக்குத் தனி வண்டியாமே? நெசமா?”

“ஷீட் திறந்தாத்தான் அண்ணா. ரெஜினாவைப் பாக்கணும். அவ வீடு எங்கன்னு தெரியுமா?”

“அது சரி! ரெண்டு பேரும் ஒரே சேர்ல குந்திகினு இருந்தீங்க, வூடு தெரியாதுன்றீங்களே?” சிரித்தார். “அதே பொழிச்சலூருதான்க்கா, மாதா கோயிலாண்ட லெஃப்டு. பச்ச கேட்டு. பம்மல்ல ஒரு ஸ்கூல் ஆபீஸ்ல வேல செய்து. போன மாசம் கூட பாத்தேன், நல்லாத்தான் கீது.”

போகிறவர் நின்று, “பாவம்க்கா அது. அன்னிக்கு லிஸ்ட்டு தப்பா வந்ததுக்கு அதுக்கு மெமோ குடுத்து பேஜார் பண்ணிட்டாங்க. பேப்பர்ல இன்னா போட்டிருந்துதோ அப்பிடித்தான் நான் வண்டிய ஓட்டினேன்” என்றார்.

“ஆமாண்ணா” என்றேன்.


10 ஜூலை, வெள்ளி

காலை ஐந்தரை. அவர் பால் வாங்கப் போயிருக்கிறார். வெயில் ஏறுவதற்குள் எழுதிவிட வேண்டும். இத்தனை வருடம் எழுதாததை.

கம்ப்யூட்டர் வந்த வருடத்து ஆயுத பூஜை. ஷாப் ஃப்ளோரில் மெஷினுக்கெல்லாம் வாழைக்கன்று, பொரி, பூசணிக்காய். கம்ப்யூட்டர் ரூம் பூஜைக்கு நான் பொறுப்பு. மானிட்டருக்கு மாலை, கீபோர்டுக்குக் குங்குமம், பிரிண்டருக்கு விபூதிப் பட்டை. ஃப்ளாப்பிகளையும் தட்டில் அடுக்கி ஒவ்வொன்றுக்கும் சந்தனம் தடவினேன், நல்ல கெட்டிச் சந்தனமாக.

ரெ. சொன்னாள், “வசந்தா, மத்ததுக்கெல்லாம் வை. ஃப்ளாப்பிக்கு வேணாம். ஈரம் ஆகாது.”

எல்லோரும் இருந்தார்கள். பழைய ஆபீசர், ஸ்டோர் ஆட்கள், ஃப்ளோர் பெண்கள் பத்துப் பதினைந்து பேர். நான் கையில் சந்தனக் கிண்ணத்தோடு சொன்னேன், “நீ கிறிஸ்டியன். உனக்கு இதெல்லாம் என்ன தெரியும்?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். இரண்டு பேர் கூடச் சிரித்தார்கள். அவள் தட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். பொரியைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள்.

பூஜை விடுமுறை முடிந்து வந்தேன். சந்தனம் காய்ந்து பாளம் பாளமாக இருந்தது. ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். துடைத்ததில் சிவப்பு ஃப்ளாப்பியின் வெள்ளி ஸ்டிக்கர் துணியோடு வந்துவிட்டது, எனக்குத் தெரியவில்லை. குங்குமம் பட்டு நீல ஸ்டிக்கரும் பாதி சிவப்பாகக் கிடந்தது. அவசரத்தில் எதை எடுத்து மெஷினில் போட்டேனோ, அதில் அந்த வார லிஸ்ட்டை அடித்தேன். பண்டிகை வாரம், பாதிப் பேர் லீவு, இரண்டு பஸ்தான். சேமித்தேன். மறுக்காமல் வாங்கிக்கொண்டது.

நான் எழுதியது மூலத்தின் மேல்.

அடுத்த வாரம் ரெ. வழக்கம் போல சிவப்பிலிருந்து நகல் எடுத்தாள். மூன்று பஸ் இருக்க வேண்டிய லிஸ்ட் இரண்டு பஸ்ஸோடு போனது. அன்று அவளுக்குக் காய்ச்சல், சரி பார்க்காமல் ஒட்டிவிட்டாள். திங்கள் விடியற்காலை திருநீர்மலை ரோட்டில் பதினோரு பெண்கள் மழையில் நின்றார்கள். வராத பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுப் பல்லாவரம் வரை நடந்தார்கள். ஒரு செக்‌ஷன் முழுக்க நின்றுபோயிற்று.

‘தயாரித்தவர்: ரெ.’ என்று தாளில் இருந்தது. ஆபீசர் அவளைத்தான் கூப்பிட்டார். அவர் அறைக்கதவு திறந்தே இருந்தது. “சின்சியர்னு நம்பித்தானேம்மா குடுத்தோம்” என்றார். அவள், “நான்தான் சார் செக் பண்ணல” என்றாள்.

அதே நேரம் நான் கம்ப்யூட்டர் ரூமில் துணியை உதறிக்கொண்டிருந்தேன். மடிப்பில் வெள்ளிக் காகிதம் பளிச்சென்றது. அங்கிருந்து ஆபீசர் அறை பத்தடி. போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. பயம் மட்டும் காரணமில்லை. அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொல்லிவிட்டு, அவள் சொன்னதுதான் சரி என்று போய் நிற்க மனம் வரவில்லை.

மெமோ கொடுத்தார்கள். அவள் இரண்டு ஞாயிறு வந்து பழைய தாள்களை வைத்து ஷீட்டை முழுக்க மறுபடி செய்தாள். செய்து பூட்டினாள். எப்படித் திறப்பது என்று என்னிடம் சொல்லவில்லை. எனக்காகத்தான் பூட்டினாள் என்று அன்றே புரிந்தது. நாற்காலி இரண்டாயிற்று. மூன்று மாதத்தில் வேலையை விட்டாள். கடைசி நாள் நான் லீவு போட்டேன்.

பால் வந்துவிட்டது.


11 ஜூலை, சனி

அரை நாள். பரணில் ஏறிப் பழைய டைரி தேடினேன். ஒட்டடை, ஒரு செத்த பல்லி, குழந்தையின் நடைவண்டி. எண்பத்தெட்டு டைரியின் பின் அட்டையில் வெள்ளி ஸ்டிக்கர் அப்படியே இருக்கிறது, தூக்கிப்போட முடியாமல் அன்று ஒட்டி வைத்தது. நகத்தால் மெதுவாகக் கிளப்பினேன். பின்பக்கம் இன்னும் சந்தன மஞ்சள்.

நாளை போகிறேன். வெறுங்கையோடு போகக்கூடாது. வேர்க்கடலை? சிறுபிள்ளைத்தனம். பழம் போதும்.

அவரிடம் எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, “ஸ்கூட்டர்ல கொண்டு விடவா?” என்றார். வேண்டாம், பஸ்ஸில் போகிறேன் என்றேன்.


12 ஜூலை, ஞாயிறு

வெயிலும் மேகமும் மாறி மாறி. பல்லாவரத்தில் இறங்கி வேறு பஸ். இடமில்லை, நின்றுகொண்டே போனேன். பழத்தோடு கடைசியில் வேர்க்கடலையும் வாங்கியிருந்தேன்.

பச்சை கேட். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடி போட்டிருக்கிறாள். கொஞ்சம் சதை வைத்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த துணியைப் பிழியாமலே கொடியில் போட்டாள்.

“வசந்தாவா? வா, வா. உள்ள வா.”

வாசலில் செருப்பை விட்டேன். “இங்க ஏசி இல்ல, போட்டுக்கினே வரலாம்” என்றாள். சிரிப்பு வந்தது. அழுகையும் வரப் பார்த்தது, அடக்கிக்கொண்டேன்.

காபி. அவள் அம்மா போன வருடம் தவறிவிட்டார். எனக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை. பள்ளிக்கூட ஆபீசில் மூன்று கம்ப்யூட்டர், டைம்டேபிள் எல்லாம் இவள்தான். “அங்கயும் ‘கடைசியோ கடைசி’தான் வசந்தா. ஒரு மாஸ்டர் ‘சத்தியமா கடைசி’ன்னு பேர் வச்சிருக்காரு.” இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

“ரெஜி, அன்னைக்கு அந்த ஃப்ளாப்பியை…”

ப்ளேன். கூரைக்கு மேலேயே போவது மாதிரி. நான் நிறுத்தாமல் கத்திச் சொல்லி முடித்தேன். சந்தனம், துணி, ஸ்டிக்கர், மெமோ எல்லாம். அவள் என் உதட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏர்போர்ட்டை ஒட்டிய ஊர், பொழிச்சலூர்க்காரர்கள் ப்ளேன் போகும்போது பேச மாட்டார்களாம். போனதும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பார்களாம்.

“இப்ப சொல்லு. ஒண்ணும் கேக்கல.”

இரண்டாம் தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. ஆனால் முதல் தடவை விட்டுவிட்ட ஒன்றையும் சேர்த்துச் சொன்னேன். “ஸ்டிக்கரைவிட, நீ கிறிஸ்டியன், உனக்கென்ன தெரியும்னு எல்லார் எதிர்லயும் சொன்னேனே, அதுக்குத்தான் மூஞ்சி காட்ட முடியல.” ஸ்டிக்கரை எடுத்து டீப்பாய் மேல் வைத்தேன்.

அவள் அதை எடுக்கவில்லை.

“பஸ் வரலன்னதும் ஃப்ளாப்பிய எடுத்துப் பாத்தேன், அப்பவே தெரிஞ்சுது. பள்ளம் தொறந்து கெடந்தது. சந்தன வாசன வேற. நான் என்ன கொழந்தையா?”

“தெரிஞ்சுமா ஆபீசர்கிட்ட…”

“செக் பண்ணாதது நான்தானே. அது என் தப்பு. உன் தப்ப நான் போய் சொல்லணுமா? நீ சொல்லுவேன்னு பாத்தேன். மூணு மாசம் பாத்தேன்.” காபி டம்ளரை நகர்த்தி வைத்து, “மெமோ வலிக்கல வசந்தா. மத்தது வலிச்சுது. பொய் சொல்ல மாட்டேன்” என்றாள்.

தலையைக் குனிந்துகொண்டேன். வேர்க்கடலையை அவள்தான் பிரித்தாள். தோலை ஊதினாள்.

பிறகுதான் பூட்டைக் கேட்டேன். பாஸ்வேர்ட் என்ன என்றதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள்.

“பாஸ்வேர்டா? அதெல்லாம் நான் போடவே இல்லியே.”

“அப்புறம் எப்படி…”

“எழுதி வச்சேனே உனக்கு. நீ பாக்கலியா?”

“எங்க?”

“ஷீட்லதான். வலது பக்கமா போயிக்கினே இரு, கடைசில.” உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். “நீ எப்பவும் எஃப் காலத்தைத் தாண்ட மாட்டியே.”

என்ன எழுதியிருக்கிறாய் என்று கெஞ்சினேன். சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள். ஸ்டிக்கரை என் உள்ளங்கையில் வைத்து விரலை மூடினாள். “இத எடுத்துக்கினு போ.”

பஸ் ஸ்டாப் வரை வந்தாள்.


13 ஜூலை, திங்கள்

காலையில் ஒரு பாட்டம் மழை. முதலில் கிடைத்த ரயிலில் போனேன். ஏழே காலுக்கு ஆபீஸ். வாட்ச்மேன் என்னைப் பார்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

செருப்பை வெளியே விட்டேன். சிவப்பு ஃப்ளாப்பி. பள்ளத்தில் அவள் பிறகு ஒட்டிய கறுப்பு டேப். ஷீட்டைத் திறந்து வலது அம்பை அழுத்திக்கொண்டே போனேன். ஜி, எச், ஐ. வெறும் கறுப்பு. எம், என், ஓ. ஒன்றுமில்லை. எஸ், டி. என்னோடு விளையாடிவிட்டாள் என்று நினைத்தேன்.

இஸட் காலம். பச்சை எழுத்து. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ், எல்லாம் பெரிய எழுத்து. நாலு வருடமாக நான் வாரா வாரம் திறந்து மூடிய ஷீட்டில், திரைக்கு வெளியே. இங்கே தமிழில் எழுதிக்கொள்கிறேன்:

‘வசந்தாவுக்கு. நீ காது குத்துக்குப் போன அன்று நடத்திய பாடம்.

1. திறக்க: சாய்கோடு, பிறகு டபிள்யூ, ஜி, பி, டி. பாஸ்வேர்ட் கிடையாது.

2. வேலை முடிந்ததும் பூட்ட வேண்டும். கடைசி எழுத்து டி-க்குப் பதில் ஈ.

3. மூலத்தில் ஏதாவது மாற்றினால் பழைய தாள் ஒன்றைப் பக்கத்தில் வைத்துச் சரி பார். நான் பார்க்காமல் விட்டேன்.

4. ஆயுத பூஜைக்கு மானிட்டருக்கு சந்தனம் வை. பிரிண்டருக்கும் வை. ஃப்ளாப்பிக்கு வேண்டாம்.

5. வெள்ளி ஸ்டிக்கர் உன்னிடம்தான் இருக்கும். தூக்கிப்போட்டிருக்க மாட்டாய். கறுப்பு டேப் ரொம்ப நாள் நிற்காது. திரும்ப ஒட்டிவிடு.’

ஏசி சத்தத்தில் நான் அழுதது வாட்ச்மேனுக்குக் கேட்டிருக்காது.

முகம் கழுவி வந்தேன். சாய்கோடு, டபிள்யூ, ஜி, பி, டி. ஒரு கட்டத்தைத் தொட்டேன். பீப் இல்லை.

நாலாவது பஸ்ஸை உள்ளே கொண்டுவந்தேன். பொழிச்சலூர் ஒன்பது பேர், பம்மல் நாலு பேர். நேரம் வலது ஓரம். கூட்டல் சரி. போன வாரத் தாளை வைத்து வரி வரியாகப் பார்த்தேன், இரண்டு தடவை. கறுப்பு டேப்பை உரித்து மூலத்தில் சேமித்தேன்.

ஒன்பதரைக்கு சம்பத் சார் வந்தார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பரவாயில்லையே மேடம். எஞ்சினியரை வரவேணாம்னு சொல்லிடறேன்.” அடியில் விரலை வைத்தார். “இது?”

‘தயாரித்தவர்: ரெ. திருத்தியவர்: வ.’

“தயாரிச்சது அவங்கதான் சார். முன்னாடி ஒரு தடவை அதுல தப்பு பண்ணினது நான். அதையும் உங்ககிட்ட சொல்லணும். உக்காருங்க.”

உட்கார்ந்தார். சொன்னேன்.

அவர் போனபிறகு கடைசி எழுத்து ஈ போட்டுப் பூட்டிச் சேமித்தேன். ஸ்டிக்கரில் பசை இல்லை, கம் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு எடுத்துப் பள்ளத்தின் மேல் ஒட்டி, காயும் வரை கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.